வார்டில் நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடைசி வீட்டுக் குழாயை

இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகை மீட்டுத் தருவேன் என்று துண்டறிக்கையில் போட்டால் மீனவர் தெருவில் மனசு இளகும். ஆனால் நகர்மன்றத்துக்கு அதில் எந்த அதிகாரமும் கிடையாது. அது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 87-இல் பள்ளம் விழுந்தாலும் கவுன்சிலர் மனுத்தான் கொடுக்கலாம். ராமேஸ்வரம், கீழக்கரை நகராட்சிகளிலோ மண்டபம், தொண்டி பேரூராட்சிகளிலோ வார்டு உறுப்பினருக்கு நிற்பவர், தன் கையில் இருக்கிற வேலைகளைத்தான் முதலில் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் குடிநீர், வாறுகால் (தெருச் சாக்கடை), மீன் கழிவு என்ற வரிசையில் எழுதுவேன்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணீர் திருச்சிப் பக்கத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் வருகிறது. அவ்வளவு தூரம் வந்த தண்ணீர் கடைசி 300 மீட்டரில்தான் நின்றுபோகிறது. "தண்ணீர் தருவேன்" என்று மட்டும் சொல்லும் வேட்பாளரிடம் தெருவில் என்ன அளவுக் குழாய் கிடக்கிறது என்று கேளுங்கள். 100 வீடு, 400 பேர் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு வழக்கமாக வைத்துவந்த திட்ட அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் திறந்தால், ஒவ்வொரு முறையும் 56,000 லிட்டர் போக வேண்டும். 90 மி.மீ. குழாயில் நல்ல அழுத்தம் இருந்தால் மணிக்கு சுமார் 18,000 லிட்டர் போகும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் திறந்து வைத்தால்தான் கணக்கு சரியாகும். ஒரு மணி நேரத்தில் அடைத்துவிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 22 லிட்டர்தான். அதே தெருவில் 63 மி.மீ. குழாய் கிடந்தால் 10 லிட்டர் தேறுவதே கஷ்டம். இந்தத் தெருவில் புது மேல்நிலைத் தொட்டி கட்டுவதால் ஒன்றும் மாறாது. குழாயை மாற்ற வேண்டும், அல்லது திறக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

அடுத்தது மோட்டார். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் தெருமுனையில் இருந்தால் கடைசி வீட்டுக்குக் காற்றுத்தான் வரும். அதைவிட மோசம், உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, வாறுகாலை ஒட்டிப் போகும் இணைப்பின் விரிசல் வழியாக அழுக்குநீர் உள்ளே ஏறுவது. உப்புமண்ணில் பழைய இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துவிடுவதால் இங்கே இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வாறுகாலைக் கடக்கும் வீட்டு இணைப்புகளைத்தான் முதலில் எண்ணி எழுத வேண்டும். கடைசிக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சோதனை மருந்தைத் தண்ணீரில் சொட்டாக விட்டால் தெரியும் மஞ்சள் நிறத்தை வைத்து இதை இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்துக் கடற்காற்றில் வைத்தால் வீரியம் குறைந்துவிடும். அதனால் அதே அளவு போட்டும் கடைசி வீட்டில் நிறம் ஏறாது.

ஊருணிகளையும் (ஊர்க் குடிநீர்க் குளங்கள்) கிணறுகளையும் மறக்கக்கூடாது. கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் தாங்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு அதே கணக்கில் ஏறிவரும். ஆழ்துளை போட்டு விசைமோட்டாரில் இழுப்பவர் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே கெடுக்கிறார். ஊருணியின் வரத்துக்காலை மறித்த ஆக்கிரமிப்பை எடுப்பதும், கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குள் கழிவுநீர் உறிஞ்சுகுழி வராமல் பார்ப்பதும் வார்டு அளவிலேயே செய்யக்கூடியவை.

வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. குடத்தோடு குழாயடியில் நின்ற அனுபவம் அவர்களுடையது. மன்றத்தில் எழுந்து பேச வேண்டியதும் அவர்களேதான், கணவர்மார் அல்ல.

வாறுகாலுக்கு வருவோம். இந்தக் கரையில் தரை சமமட்டம். ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மணல் படிந்துவிடும். காற்று கொண்டுவரும் மணல் வேறு சேரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அமாவாசை, பௌர்ணமி கடலேற்றமும் சேர்ந்தால், வாறுகால் கடலில் விழும் கடல்வாய் வழியாகத் தண்ணீர் போகாமல் எதிர்த்துவரும். ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் தூர்வார வேண்டும், அதுவும் கடல்வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கி. மேலிருந்து தொடங்கினால் கிளறிய மண் கீழே போய் அடைக்கும். 45 செ.மீ. அகல வாறுகாலில் 30 செ.மீ. மண் படிந்திருந்தால், 100 மீட்டருக்கு 13.5 கன மீட்டர். டிராக்டருக்கு ஒரு யூனிட், அதாவது 100 கன அடி என்று வைத்தால் ஐந்து நடை. வாரியதைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையில் அத்தனையும் திரும்ப உள்ளேதான் விழும்.

மீன் கழிவை வீட்டுக் குப்பையோடு சேர்த்து எடுக்கக்கூடாது. ஏலம் முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய தொட்டியில் தனி வண்டி போக வேண்டும். மீன் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு, மரத்தூள், சீமைக்கருவேலச் சீவல் மூன்று பங்கு கலந்தால் நாற்றமில்லாமல் உரமாகும். ஈரம் கூடினால் புழு வைக்கும். ஐஸ் உருகிய ரத்தத் தண்ணீரை வாறுகாலில் விடாமல் தனித் தொட்டியில் பிடிக்க வேண்டும். அறுந்த நைலான் வலைத்துண்டுகளுக்கு ஒரு தனிச் சாக்கு போதும். அது கடலில் விழுந்தால் மன்னார் வளைகுடாவில் ஆமை கழுத்தில் மாட்டும். ராமேஸ்வரத்தில் ஆடி, தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் விட்டுப்போகும் துணிகளுக்கும் அன்றைக்கே ஆள் வேண்டும்.

தெருவிளக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பத்தின் அடிப்பகுதி துருவைப் பார்க்கச் சொல்லுங்கள், பல்பை அப்புறம் மாற்றலாம்.

இவை எல்லாம் வாய்ப்பேச்சில் நடக்காது. கூட்டப் பொருளில் ஏற வேண்டும், பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், தீர்மானம், டெண்டர், வேலை ஆணை என்று வரிசையாகப் போக வேண்டும். கடலோர ஒழுங்காற்று மண்டலத்துக்குள் கட்டுமானம் என்றால் அதற்கான அனுமதியும் தேவைப்படலாம். அதைக் கேட்காமல் கடற்கரைச் சாலைக்குத் தேதி சொல்பவர் வேலையை அறியாதவர். நிற்க நினைப்பவர் இப்போதே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் தன் வார்டின் கடைசி மூன்று வேலைகளின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து எழுதும் ஏடு) நகலையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஐந்து நடை மண் இருந்த வாறுகாலுக்கு எத்தனை நடைக்குப் பில் போட்டிருக்கிறார்கள் என்பது அதில் இருக்கும்.