திரும்பும் நேரம்

துபாயில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலைக்குச் சேர்ந்த என்னைச் சில ஆண்டுகளில் மலையேற்றக் குழுக்களை அழைத்துச் செல்லும் பிரிவுக்கு மாற்றினார்கள். அதற்கு அவர்கள் கண்ட தகுதி நான் கடையத்துக்காரன் என்பதுதான். மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராமநதி அணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மலை பழக்கமாகத்தானே இருக்கும் என்று மேலாளர் கணக்குப் போட்டார். நிறுவனம் செலவு செய்து என்னை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பியது. அனுபவமுள்ள வழிகாட்டிகளின் பின்னால் ஒரு குளிர்காலம் முழுவதும் கடைசி ஆளாக நடந்த பிறகுதான் ஒரு குழுவைத் தனியாக என் பொறுப்பில் விட்டார்கள். இப்போது ஊர் திரும்பித் திருநெல்வேலியில் பாதுகாப்பு அலுவலர் பயிற்சி பெறும் இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கும்போது, கட்டுமானத் தளங்களைவிட அந்த மலைகளைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

துபாய் என்றதும் கோபுரங்களும் மணல்மேடுகளும்தான் நம் ஊரில் நினைவுக்கு வருகின்றன. நகரத்திலிருந்து கிழக்கே ஒன்றரை மணிநேரம் காரோட்டினால் ஹஜர் மலைத்தொடர் வந்துவிடும். அதன் வடபகுதியில், ராஸ் அல் கைமாவை ஒட்டி, சுண்ணாம்புக்கல் மலையான ஜெபல் ஜைஸ் நிற்கிறது. அதன் உச்சி 1,934 மீட்டர். உச்சிமுனை ஓமன் எல்லைக்குள் இருந்தாலும், அமீரகத்தின் மிக உயரமான நிலம் அதன் சரிவில்தான் இருக்கிறது. நம் பொதிகை 1,868 மீட்டர். உயரத்தில் பெரிய வேறுபாடு இல்லாத இந்த இரண்டு மலைகளும் மற்ற எல்லாவற்றிலும் வேறுபட்டவை. அமீரகத்தில் ஆண்டு முழுவதற்குமான சராசரி மழை 100 மில்லிமீட்டர் அளவுதான். நம் மாஞ்சோலை மலையிலுள்ள நாலுமுக்கிலும் ஊத்திலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் அதைவிட அதிகம் பெய்வதுண்டு. தெற்கே ஹத்தா பக்கம் போனால் பாறையின் நிறமே மாறிக் கருமையும் பழுப்புமாக ஆகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடித் தரையாகவும் அதற்கும் கீழேயுள்ள அடுக்காகவும் இருந்து, பிறகு கண்டத்தின்மேல் ஏறிக் கிடக்கும் பாறை அது. நிலவியல் படித்தவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் அதைப் பார்க்க வருவார்கள். எங்களுக்கோ, வெயில் ஏறிய பிறகு அதில் கைவைக்க முடியாது என்பதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

நம் மலையில் வழி தவறியவனுக்கு ஊர்ப்பெரியவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கு, ஓடை ஆற்றில் சேரும், ஆறு ஊருக்குக் கொண்டுவந்து விடும். நம் மலைக்கு அது ஓரளவு பொருந்தும். ஹஜர் மலையில் அதே அறிவுரை ஆளைக் கொன்றுவிடும். வாதி என்று அங்கே சொல்லப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகள் மேலே அகலமாகவும் நடக்க எளிதாகவும் தொடங்கும். இறங்க இறங்க இருபுறமும் பாறைச்சுவர் நெருங்கும். பிறகு திடீரென்று, தண்ணீரில்லாத அருவியின் தலையில் கொண்டுபோய் நிறுத்தும். கீழே பல ஆள் உயரத்துக்கு வழவழப்பான பாறை. அதற்குள் சறுக்கிச் சறுக்கி இறங்கிவந்த பாறைகளில் மீண்டும் ஏற முடியாது. கீழும் போக முடியாமல் மேலும் போக முடியாமல் அகப்பட்டுக்கொள்பவர்களில், மலைநாட்டில் பிறந்து நான் பார்க்காத மலையா என்று வந்தவர்களும் இருப்பார்கள் என்று மூத்த வழிகாட்டிகள் எனக்குச் சொல்லிவைத்தார்கள். ஆகவே குழு புறப்படும் முன் நான் சொல்லும் முதல் விதி இதுதான்: வழி தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள், நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் தெரிந்த இடம்வரை வந்த வழியே திரும்பி ஏறுங்கள்.

தண்ணீர்க் கணக்கை எனக்குப் புரியவைத்தவர் பயிற்சியாளர் அல்லர். நாங்குநேரிப் பக்கத்துக் கொத்தனார் அண்ணாச்சி ஒருவர். எங்கள் பக்கத்து ஆட்கள் விடுமுறை நாளில் சேர்ந்து நடக்கும் சிறு குழுவொன்றுக்கு அவரும் எப்போதாவது வருவார். வாரமெல்லாம் வெயிலில் நிற்பவர்கள் விடுமுறை நாளில் மலையேற விரும்புவதில்லை, அது நியாயமும்கூட. குளிரூட்டிய அறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஆசை வரும். அவர் வந்ததற்குக் காரணம் பேச்சுத்துணை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு மடக்கு குடித்துக்கொண்டே நடப்பார். கணக்காளர் ஒருவர், தாகம் எடுக்கும்போது குடித்துக்கொள்ளலாமே என்றார். "தாகம் எடுத்தபொறவு குடிக்கிறவன் இங்க வேலைக்கு ஆவமாட்டான் தம்பி, அப்பமே பிந்திப்போச்சுல்லா" என்றார் அண்ணாச்சி. கோடையில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை திறந்த வெயிலில் வேலை செய்விக்கக் கூடாது என்பது அமீரகத்தின் சட்டம். அந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்தவருக்கு எங்கள் கையேட்டில் இருந்ததெல்லாம் உடம்பிலேயே தெரிந்திருந்தது.

நெல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. அக்கினி நட்சத்திரத்தில் கிரிக்கெட் ஆடியவர்கள் நாங்கள், வெயில் எங்களை என்ன செய்யும் என்பார்கள். துபாய் நகரம் கடலோரம் இருப்பதால் அங்கே வியர்வை உடம்பில் நிற்கும், குடிக்க வேண்டும் என்ற நினைப்பும் வரும். மலைக்குள் காற்று வறண்டது. வியர்வை தோலில் தெரிவதற்குள் ஆவியாகிவிடும். நான் வியர்க்கவே இல்லையே என்று ஒருவர் சொல்லிக்கொண்டு நடப்பார், அவருடைய சட்டை முதுகில் உப்பு வெள்ளைக்கோடாகப் படிந்திருக்கும். ஏற்றத்தில் ஒரு மணிநேரத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தாலும் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து ஆபத்தாகும் என்பதால் உப்புக்கரைசல் பொட்டலமும் உப்புக்கடலையும் கட்டாயம். விடுமுறை முடிந்து வருகிறவர்களின் பெட்டியில் வந்து சேரும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் எல்லார் பையிலும் இருக்கும். அதை மட்டும் நான் கட்டாயப்படுத்த வேண்டியிருந்ததில்லை.

வெப்பத்தாக்குதலின் முதல் அறிகுறி மயக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். மயக்கத்துக்கு முன்பே குணம் மாறும். சாதுவான மனிதர் காரணமில்லாமல் எரிந்து விழுவார். கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாத பதில் வரும். நேர்தரையில் கால் தடுக்கும். அந்த நிலையில் இன்னும் கொஞ்சம்தான் என்று நடக்க வைப்பது கொலைக்குச் சமம். நிழலில் உட்கார வைத்து, உடையை நனைத்து, விசிறியபடியே உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். வறண்ட காற்றில் நனைந்த துணி வேகமாகக் குளிர்விக்கும் என்பது அந்த மலை நமக்குச் செய்யும் ஒரே சலுகை. இதனால் குழுவில் இருப்பவர்களோடு புறப்படும்போதே நன்றாகப் பேசிப் பழகிக்கொள்வேன். ஒருவருடைய இயல்பு தெரிந்திருந்தால்தானே அது மாறுவது தெரியும். பேச்சு என் தொழில் கருவிகளில் ஒன்று என்பதை அலுவலகம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

அந்த மலைகளில் நடப்பதற்கான காலம் நவம்பர் முதல் மார்ச் வரைதான். அப்போது ஜெபல் ஜைஸின் மேற்பகுதி சமவெளியைவிடப் பத்து டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். 2009 ஜனவரியில் அதன் உச்சியில் பனியே விழுந்தது. ஆனால் குளிர்காலப் பகல் குறுகியது. டிசம்பரில் மாலை ஐந்தரை மணிக்குச் சூரியன் மறைந்துவிடும், ஆழமான வாதிகளுக்குள் அதற்கு வெகுமுன்பே இருட்டும். எனவே புறப்படும் முன்பே திரும்பும் நேரம் ஒன்றைக் குறித்துவிடுவோம். ஒரு மணி என்று குறித்தால், ஒரு மணிக்கு உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். கேட்க எளிது. செய்ய வேண்டிய இடத்தில் அதைப்போலக் கடினமான வேலை எனக்கு வாய்த்ததில்லை.

ஒருமுறை பாளையங்கோட்டைக்காரர் ஒருவர், ஒரு பெரிய அலுவலகத்தின் அதிகாரி, தம்முடைய பிரிவினர் அனைவரையும் அழைத்து வந்திருந்தார். உச்சிக்குக் கீழே முக்கால் மணி நேர ஏற்றம் மீதியிருந்தபோது நேரம் முடிந்துவிட்டது. குழுவை நிறுத்தினேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு பணம் கட்டியிருப்பதை நினைவூட்டினார், பிறகு ஊர்ப்பாசத்தைப் பிடித்தார். "நம்ம ஊர்க்காரன்னு நெனச்சேன், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" தமக்குக் கீழே வேலை செய்பவர்கள் முன்னிலையில் திரும்பி நடப்பதுதான் அவருக்குச் சிக்கல், மலையல்ல என்று எனக்குப் பட்டது. அவரிடம் தனியே போய், கடைசியில் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு முழங்கால் வலி என்பதைச் சொல்லி, அவரைப் பத்திரமாக இறக்க முன்னால் நடந்து வேகத்தைக் கட்டுப்படுத்த ஒருவர் வேண்டும், நீங்கள்தான் பொருத்தம் என்றேன். முழங்கால் வலி உண்மை. அவர் உடனே திரும்பினார். இறங்கும் வழியெல்லாம் மற்றவர்களை அதட்டி மெதுவாக நடக்க வைத்தார். மலையில் அடிபடுபவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போதுதான் அடிபடுகிறார்கள் என்பதால், அந்த அதட்டல் எனக்குப் பேருதவியாக இருந்தது.

அந்தத் தடங்களை நாங்கள் கண்டுபிடித்ததுபோல விளம்பரங்கள் பேசும். உண்மையில் அவற்றில் பல, ஷிஹூ என்னும் மலைவாழ் மக்கள் கழுதைகளோடு நடந்து போட்ட தடங்கள். மழைநீரைத் தேக்கும் தொட்டிகளையும், கல்லடுக்கிய சிறு சிறு வயல்களையும், பாதி தரைக்குள் இறங்கியிருக்கும் கல்வீடுகளையும் இன்றும் அந்த உயரங்களில் பார்க்கலாம். காரையாற்றுக் காணிக்காரர்கள் காட்டுவழியை எப்படி அறிவார்களோ, அப்படி அவர்களுக்கு அந்தப் பாறைவழி தெரியும். அவர்களுடைய தொட்டித் தண்ணீரில் முகம் கழுவிய வாடிக்கையாளர்களை நான் கடிந்துகொண்டதுண்டு, அதற்காக அலுவலகத்துக்குப் புகார் போனதும் உண்டு. மலையடிவாரச் சரளைநிலங்களில் காஃப் மரங்கள் நிற்கும். நம் கோயில்களில் சுற்றி வணங்கும் வன்னி மரம்தான் அது. ஊர்க்காரர்கள் சிலர் வண்டியை விட்டு இறங்கியதும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் நடையைத் தொடங்குவார்கள்.

மழைநாளில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை, நடை ரத்து. நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருக்கும், பல கிலோமீட்டர் தள்ளி மேல்மலையில் பெய்த மழை, மண்ணே இல்லாத பாறையில் ஒரு சொட்டும் உறிஞ்சப்படாமல், சிறிது நேரத்தில் வாதியை நிரப்பிக்கொண்டு வரும். வேடிக்கை பார்க்கவும் வண்டியை இறக்கவும் கூட்டம் சேர்ந்ததால், வெள்ளம் ஓடும் வாதிக்குள் நுழைந்தால் 2,000 திர்ஹம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல் என்று 2023-ல் விதி கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரல் 16-ல் அல் ஐன் பகுதியின் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது. அங்கே ஆண்டுக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை அது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 டிசம்பரில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து தாமிரபரணிக் கரையெல்லாம் மூழ்கியதைத் தொலைபேசியில் கேட்டுத் தவித்தவர்கள் நாங்கள். ஏப்ரல் மழைக்கு அடுத்த மாதமே பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. மேலே பெய்வது கீழே தெரியாது என்பதில் மட்டும் பாலைமலைக்கும் நம் மலைக்கும் வேறுபாடே இல்லை. அருவியின் ஓசை கனத்தாலும், தண்ணீர் கலங்கி இலையும் சுள்ளியும் வந்தாலும், காவலர் விசிலுக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும் என்று வகுப்பில் சொல்லும்போது நான் வாதியைத்தான் மனத்தில் வைத்துச் சொல்கிறேன்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி மாணவர்களை அழைத்துச் செல்ல முடியாது, செல்லவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகும் அனுமதியற்ற மலையேற்றத்தை வீரமென்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதனால் வெயில்நடைப் பயிற்சிக்கு நான் தேர்ந்துகொண்டது தேரிக்காடு. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிவதற்குமுன் நம் மாவட்டத்திலேயே இருந்த குதிரைமொழித் தேரியில், செம்மணல் மேடுகளுக்கும் பனைகளுக்கும் இடையே, ஊர்ப்பாதையை விட்டு விலகாமல் காலையில் நடக்கிறோம். மணலில் கால் புதைய நடக்கும் களைப்பையும், ஒரு மேடு போலவே அடுத்த மேடும் இருப்பதால் திசை குழம்புவதையும், கொண்டுவந்த தண்ணீர் எவ்வளவு விரைவாகத் தீர்கிறது என்பதையும் அங்கே கற்பிக்க முடிகிறது. சரளைக்கல் சரிவில் இறங்குவதை அங்கே கற்பிக்க முடியாது. அதற்கு வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வளைகுடாவுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் சம்பளத்தையும் விசாவையும் பற்றித்தான் கேட்பார்கள். மேலப்பாளையத்து மாணவன் ஒருவன் மட்டும் தேரியில் நடந்துகொண்டிருக்கும்போது, "சார், அங்க மேலாளரே போகச் சொன்னா நான் எப்படி சார் திரும்பச் சொல்ல முடியும்?" என்று கேட்டான். திரும்பும் நேரத்தைப் புறப்படுவதற்கு முன்பே, நிழலில் எல்லாரும் நிதானமாக இருக்கும்போதே, தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடு என்றேன். அவன் அதோடு விடவில்லை; கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டான். அப்படியானால் குழு வண்டியிலிருந்து இறங்கவே வேண்டாம், அந்தச் சண்டையை வண்டிக்குள்ளேயே போட்டு முடித்துவிடு என்று சொன்னேன். அடுத்த வகுப்பில் அதற்கான படிவத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எல்லாரையும் எழுத வைத்தேன்.