ஆதரவு கேட்க வேண்டாம், முதல் அத்தியாயத்தைக் கொடுப்போம்

சொந்தக் காசில் நாவல் அச்சடித்துத் தானே விற்கிறவர்கள் மதுரையில் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம். அதில் என்னைப் போல மர்மக் கதையும் ஃபேண்டஸியும் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. குடும்பக் கதை எழுதியவர் கதையை முழுக்கச் சொல்லி அறிமுகப்படுத்தலாம், ஒன்றும் குறைந்துபோகாது. மர்ம நாவலில் சொல்லக் கூடாத இடம்தான் நாவலின் உயிரே. ஃபேண்டஸியில் நேர்மாறு, சொல்வதற்கு ஒரு முழு உலகமே இருக்கும், எதிரில் நிற்பவரோ அடுத்த அரங்குக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்.

இந்தச் சிக்கலுக்கு நம்மில் பலரும் கண்டுபிடித்த வழி, "புதிய எழுத்தாளருக்கு ஆதரவு தாருங்கள்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பது. எனக்கு இது பிடிக்கவே இல்லை. சொந்தக்காரர்கள், நண்பர்கள் ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள், வாங்கியதோடு சரி, அலமாரியில் ஏறிவிடும். வாசகர் நமக்கு உதவி செய்ய வருகிறவர் இல்லை. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற மாதிரி ஒரு கதை கிடைக்குமா என்று பார்க்க வருகிறவர். அவருக்குக் கதையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

என் முதல் நாவலை நான் எப்படிச் சொல்கிறேன் என்றால்: மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற புது மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய சமயம். மண்டபத்தில் காலமெல்லாம் மெஷின் மிதித்த ஒரு தையல்காரர் சாமான்களைக் கட்டும்போது பழைய அளவு நோட்டு ஒன்று கிடைக்கிறது. அதில், பல வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவருக்குச் சட்டை அளவு எடுத்து எழுதியிருக்கிறது, போன வாரத் தேதி போட்டு. இவ்வளவுதான் சொல்வேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. "கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கு" என்று மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வாசகர் முதல் பக்கத்திலிருந்தே அதற்காகக் காத்திருப்பார், வருகிற ஒவ்வொரு ஆளையும் சந்தேகப்பட்டுப் பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது நண்பர் ஒருவரின் அரங்கில் ஒரு ஓரமாக என் புத்தகங்களை வைத்திருந்தேன். பெரியவர் ஒருவர், மாத நாவல்களை பஸ்ஸிலேயே படித்து முடித்த தலைமுறை, நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, இதுல நெசமாவே பேய் உண்டா, இல்ல பேய்னு காட்டிட்டுக் கடைசில மனுசன்தான்னு முடிப்பீங்களா?" என்றார். மர்ம நாவல் எழுதுகிறவர்களிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பேயை நம்பிப் படிக்கிறவருக்குக் கடைசியில் முகமூடியைக் கழற்றிக் காட்டினால் கோபம் வரும், துப்பறிகிற ஆசையில் தடயமாகச் சேர்த்துக்கொண்டு வந்தவருக்கு ஆவிதான் செய்தது என்று முடித்தால் இன்னும் அதிகமாக வரும். இரண்டு பேரும் அப்புறம் நம் பக்கமே திரும்ப மாட்டார்கள். அதனால் அடுத்த பதிப்பில் பின்னட்டையிலேயே போட்டுவிட்டேன், இந்த நாவலில் நடக்கும் எல்லாவற்றுக்கும் மனிதக் காரணம் உண்டு என்று. இதனால் மர்மம் எதுவும் உடையவில்லை. எந்த விதிப்படி விளையாடுகிறோம் என்று இரண்டு தரப்புக்கும் தெரிகிறது.

ஃபேண்டஸிக்கு வருவோம். வரைபடம், ஏழு குலம், குலத்துக்கு நாலு அரசர்கள் என்று நம் ஆட்கள் ஆரம்பிக்கும்போதே கேட்பவர் கண் வேறு பக்கம் போய்விடுகிறது. மதுரைக்காரர்களுக்கு மாயம் புதிதே இல்லையே. கல் யானை கரும்பு தின்றதும், நரி பரியானதும் திருவிளையாடல் புராணத்தில் இருக்கிறது, படிக்காதவர்கூட அதைக் கேட்டு வளர்ந்தவர்தான். என் இரண்டாவது நாவல் யானைமலையில் நடக்கிறது. மதுரையை அழிக்க வந்த யானை, அம்பு பட்டு மலையாகிவிட்டது என்று அதே புராணம் சொல்கிறது. அடிவாரத்து நரசிங்கம் கிராமத்தில் குடைவரைக் கோயில் இருக்கிறது, அதன் கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. ஒத்தக்கடை வழியாக மேலூர் போகிற யாரும் அந்த மலையைப் பார்க்காமல் போக முடியாது. அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த யானை செத்துக் கல்லாகவில்லை, தூங்குகிறது, அதன் மூச்சு நரசிங்கத்தில் ஒரு சிறுமிக்கு மட்டும் கேட்கிறது என்றால்? குலமும் அரசரும் உள்ளே நிதானமாக வரட்டும்.

அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். புத்தகத்தின் முதல் 10 சதவீதம்தான் இலவச மாதிரியாகத் திறக்கும். அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி எல்லாவற்றையும் முன்னால் அடுக்கினால் வாசகருக்குக் கிடைக்கிற மாதிரியில் கதையே இருக்காது. எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். அப்புறம், கேடிபி செலக்ட் என்கிற அமேசான் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் வைக்கக் கூடாது, பதிலுக்கு அந்தக் காலத்தில் 5 நாள் இலவசமாகக் கொடுக்கலாம். பிரதிலிபி என்கிற கதைச் செயலியில் தொடராக ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

அச்சிலும் இதையேதான் செய்கிறேன். ஒரு பாரம் என்றால் 16 பக்கம், முதல் அத்தியாயம் அதில் அடங்கிவிடும். அதை மட்டும் தனியாக அச்சடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, கேட்கிறவர்களுக்குச் சும்மா கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டு போய் டீ குடித்தபடி படித்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. வருகிறவர்கள் கதைக்காகவே வருகிறார்கள், எனக்கு அது போதும். புத்தகம் வாங்கியவர் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால், நம்மைப் போலவே தானாகப் பதிப்பிக்கிற இன்னொருவரின் நாவலை எடுத்துக் கொடுங்கள், நாம் படித்து நமக்குப் பிடித்ததாக இருந்தால் மட்டும்.

தொடர் நாவல் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். கதை இந்தப் புத்தகத்தில் முடிகிறதா இல்லையா என்று அட்டையிலேயே சொல்லிவிடுங்கள். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துப் பழகிய ஊர் இது, காத்திருப்பார்கள். ஆனால் காத்திருக்க வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரிகிறது என்றால் அது நியாயமில்லை. யானைமலைக் கதை இரண்டு பாகம். முதல் பாகம் யானை கண் திறக்கிற இடத்தில் நிற்கிறது, இரண்டாவதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.