மாலை ஐந்தரை மணி வாத்தியார்கள்

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது, நான் எம்.ஏ. படித்த அதே கல்வித் தலைமைத் துறையிலிருந்து. வரும் செமஸ்டரில் பெற்றோர், சமூகம், பள்ளி பற்றிய ஒரு பாடத்தை எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியுமென்றால் நூறு வார்த்தைக்குள் பணிப் பின்னணியை எழுதி அனுப்ப வேண்டும், கையேட்டில் போடுவார்களாம். சம்மதம் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. அந்த நூறு வார்த்தைக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது.

நியூ ஜெர்சியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் உதவித் தலைமையாசிரியராக இருக்கிறேன். அதற்கு முன் அங்கேயே கணக்கு டீச்சர். இந்த மாநிலத்தில் பிரின்சிபல் சான்றிதழ் வாங்க முதுகலைப் பட்டம், ஐந்து வருட அனுபவம், 300 மணி நேரப் பயிற்சி, கடைசியில் ஒரு தேர்வு எல்லாம் வேண்டும். அதனால் எங்கள் வகுப்பில் எல்லோருமே வேலையில் இருந்த ஆசிரியர்கள்தான். மாலை ஐந்தரைக்கு வகுப்பு. பள்ளி முடிந்ததும் நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, நிறுத்துமிடத்தில் காருக்குள்ளேயே தயிர்சாதத்தை முடித்துக்கொண்டு ஓடுவேன்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் முழுநேரப் பேராசிரியர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோரும் அட்ஜங்க்ட், அதாவது ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம் என்று ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது சித்தப்பா மகன்தான். ஊரில் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பிஎச்.டி. முடித்துத் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக நிரந்தரத்துக்குக் காத்திருக்கிறான். இங்கேயும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. எங்கள் வகுப்புக்கு எதிர் அறையில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் எடுத்தவர் ஐந்தே காலுக்கு முடித்துவிட்டு இன்னொரு கல்லூரிக்கு ஓடுவார். 2023 ஏப்ரலில் இந்த மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் 257 வருட வரலாற்றில் முதல்முறையாக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பகுதிநேரக்காரர்களின் சங்கமும் அதில் இறங்கியது சும்மா இல்லை.

ஆனால் கல்வித் தலைமைத் துறையின் அட்ஜங்க்டே வேறு ரகம். ஓய்வு பெற்ற சூப்பரின்டென்டன்ட் (ஓர் ஊரின் பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரி), ஓய்வு பெற்ற பிரின்சிபல், போர்டு என்கிற பள்ளி நிர்வாகக் குழுக்களின் வழக்கறிஞர் என்று வருவார்கள். ஒரு பாடத்துக்குக் கிடைக்கிற சில ஆயிரம் டாலரை நம்பி அவர்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. பென்ஷன் வருகிறது. பேச ஆள் வேண்டும், வருகிறார்கள். ஒரே தாழ்வாரத்தில், ஒரே பதவிப் பெயரில் இரண்டு உலகம்.

பட்ஜெட் பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற சூப்பரின்டென்டன்ட், முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிகளில் இருந்தவர். இங்கே பள்ளி மாவட்டங்களே, அதாவது அந்தந்த ஊர்ப் பள்ளிகளைத் தனியாக நிர்வகிக்கிற அமைப்புகளே, அறுநூறுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு, ஒரு பட்ஜெட், பெரும்பாலும் ஒரு சூப்பரின்டென்டன்ட். அவர்களுடைய சம்பளத்துக்கு மாநில அரசு 2011இல் உச்சவரம்பு போட்டது. பெரும்பாலான மாவட்டங்களில் 1,75,000 டாலரைத் தாண்டக் கூடாது. 2019இல்தான் அதை எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் சிலர் பக்கத்து மாநிலங்களுக்குப் போனார்கள், சிலர் ஓய்வை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். இவர் இரண்டாவது வகை. முதல் வகுப்பிலேயே அதை மறைக்காமல் சொன்னார்.

ஒருநாள் பழைய பட்ஜெட் தாள்களைக் கொண்டுவந்து நான்கு குழுவுக்கும் கொடுத்தார். "நாலு லட்சம் டாலர் வெட்டுங்கள். நாற்பது நிமிடம்." நான்கு குழுவும் முதலில் கை வைத்தது பேருந்தில். நியூ ஜெர்சி சட்டப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் வீடு இரண்டு மைலுக்கு அப்பால் இருந்தால், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டரை மைலுக்கு அப்பால் இருந்தால் மாவட்டம் வண்டி விட்டாக வேண்டும். அதற்குள் இருப்பவர்களுக்கு விடுகிற வண்டி மரியாதைக்குத்தான், கட்டாயமில்லை. கட்டாயமில்லாததை வெட்டுவதுதானே புத்திசாலித்தனம்? எங்கள் குழுவில் கணக்குப் போட்டவள் நான். பெருமையாகவே எழுந்து சொன்னேன்.

அவர் பையிலிருந்து ஒரு சாலை வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். மடித்த இடமெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். "நானும் இதைத்தான் வெட்டினேன். இந்தத் தெருவிலிருந்து பள்ளிக்கு ஒன்று புள்ளி ஒன்பது மைல். நடைபாதை கிடையாது. ஜனவரியில் பனியை ஒதுக்கி ரோட்டோரத்தில்தான் குவிப்பார்கள். பிள்ளைகள் எங்கே நடப்பார்கள்?" போர்டு கூட்டம் நள்ளிரவு வரை போனதாம். பிப்ரவரியில் வண்டியைத் திரும்ப விட்டார். அந்தப் பணத்துக்காக நூலகரையும் ஒரு கலை ஆசிரியரையும் அனுப்ப வேண்டி வந்தது. "நூலகர் இன்றைக்கும் கடையில் என்னைப் பார்த்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்" என்றார். பாடநூலில் பட்ஜெட்டுக்கு இருந்த மூன்று அத்தியாயத்தில் இப்போது எதுவும் நினைவில்லை. அந்தச் செலோடேப் நினைவிருக்கிறது.

சட்டம் எடுத்த வழக்கறிஞரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளியில் மாணவர்களின் பையைச் சோதிப்பது பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் கொடுத்த டி.எல்.ஓ. தீர்ப்பு நாடு முழுக்கப் படிக்கிற வழக்கு. அது பிறந்த இடம் நியூ ஜெர்சியின் பிஸ்கடவே உயர்நிலைப் பள்ளி. கழிப்பறையில் புகைபிடித்ததாகப் பிடிபட்ட பெண்ணின் கைப்பையை உதவித் தலைமையாசிரியர் திறந்த கதை. இப்போது அதே நாற்காலியில் இருக்கிற எனக்கு அது அடிக்கடி கை கொடுக்கிறது. ஆனால் அவருடைய உலகத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வருங்கால வழக்கு. தேதி போட்டு எழுதிவை, சாட்சி வைத்துக்கொள், கதவைத் திறந்துவை. உபயோகமான பயம்தான். தினமும் அதை மட்டுமே சாப்பிட முடியாது.

சிறப்புக் கல்வி எடுத்த அம்மா வேறு மாதிரி. ஒரு மாவட்டத்தில் சிறப்புக் கல்வி இயக்குநராக இருந்தவர். ஐ.இ.பி. கூட்டம், அதாவது ஒரு பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பேசி முடிவு செய்கிற கூட்டம், எப்படி நடத்துவது என்று அன்றைய பாடம். என்னைக் கூப்பிட்டு, "இன்றைக்கு நீதான் அம்மா" என்று மேசைக்கு ஒரு பக்கம் தனியாக உட்கார வைத்தார். எதிரே ஏழு பேர். உளவியலாளர், சமூகப் பணியாளர், வகுப்பாசிரியர் என்று ஆளுக்கொரு வேடம். அவர்களிடம் காதோடு ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அடுத்த பத்து நிமிடம் ஏழு பேரும் சுருக்கெழுத்திலேயே பேசினார்கள். எல்.ஆர்.இ., எஃப்.பி.ஏ., ஓ.டி., பி.டி. அந்த மொழியில் வருடக்கணக்காக வேலை பார்த்தவள் நான், எனக்கே பாதி புரியவில்லை. கடைசியில் ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "கையெழுத்துப் போடுங்கள்" என்றார்கள். போட்டுவிட்டேன். அவர் தாளைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். அது வெறும் காபிக் கடை ரசீது. வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொருவர் இருந்தார். பணக்கார ஊர் ஒன்றில் இருபது வருடம் பிரின்சிபல். இங்கே தலைமையாசிரியர்கள் பள்ளியை 'என் பில்டிங்' என்றுதான் சொல்வார்கள். இவர் வாயைத் திறந்தாலே "என் பில்டிங்கில்..." என்று தொடங்கும், வெற்றியில் முடியும். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஏழை நகரங்களில் வேலை பார்த்தவர்கள். மாநில அரசே பள்ளிகளைக் கையில் எடுத்துக்கொண்டு நடத்திய ஊர்கள் இந்த மாநிலத்தில் உண்டு: ஜெர்சி சிட்டி 1989இல், பேட்டர்சன் 1991இல், நியூவர்க் 1995இல். அப்படி ஒரு நகரத்திலிருந்து வந்த தோழி ஒருநாள் கேட்டாள்: "என் பிள்ளைகளின் அம்மா அப்பா இரண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள். மாலை ஏழு மணிக் கூட்டத்துக்கு ஒருவரும் வருவதில்லை. என்ன செய்வது?"

"பேகல் ரொட்டி வையுங்கள். நல்ல காபி. என் பில்டிங்கில் அரங்கம் நிரம்பி வழியும்" என்றார்.

அவள் குறிப்பேட்டை மூடினாள். அதற்குப் பிறகு அந்த செமஸ்டர் முழுவதும் அவள் கேள்வி கேட்கவில்லை.

அவரைக் குறை சொல்ல மட்டும் இதை எழுதவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவர் அரங்கம் நிரம்பித்தான் இருக்கும். இந்த மாதிரிப் படிப்புகளைக் கடுமையாக விமர்சித்து, அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரித் தலைவராக இருந்த ஆர்தர் லெவின் 2005இல் ஓர் அறிக்கை எழுதினார். அதில் வாத்தியார்கள் மீதும் குறை உண்டு: முழுநேரப் பேராசிரியர்களுக்குப் பள்ளி அனுபவம் போதாது, துறைகள் பகுதிநேரக்காரர்கள்மேல் அளவுக்கு மீறிச் சாய்கின்றன என்று. எனக்கு எத்தனை பேர் பகுதிநேரம் என்பது பெரிதாகப் படவில்லை. முப்பது வருடத்தில் எதைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள், கிழிந்த வரைபடத்தையா அரங்கத்தையா, அதுதான் விஷயம். கையேட்டில் பார்த்தால் இருவருடைய நூறு வார்த்தையும் ஒன்றுபோலவே இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தத் தோழியின் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்பதே உறைத்தது. இங்கே வருவதற்கு முன் மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறு வருடம் கணக்கு எடுத்தேன். என் வகுப்பில் 58 பிள்ளைகள். பாதிப்பேரின் வீட்டில் பூ மார்க்கெட் வேலை. விடியற்காலை தொடங்கி முற்பகலில் வியாபாரம் ஓய்ந்துவிடும். மாலையில் கூப்பிட்டால் யாரும் வர மாட்டார்கள், தூங்குவார்கள். எங்கள் ஹெச்.எம். டீச்சர் ரேங்க் கார்டு கையெழுத்தை மதியம் ஒரு மணிக்கு வைத்தார். கூடையோடு நேரே வருவார்கள். மதிய உணவு நேரம் எங்களுக்குப் போனதே என்று ஸ்டாஃப் ரூமில் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இதை ஏன் அன்றைக்கு வகுப்பில் சொல்லவில்லை? அது கணக்கில் வராத அனுபவம் என்று நானே நினைத்திருந்தேன். இங்கே முதல் வேலையில் சேர்ந்தபோது சம்பளப் பட்டியலில் அந்த ஆறு வருடத்துக்கு ஒரு படிகூட ஏற்றவில்லை. "வெளிநாட்டு அனுபவம் சேராது" என்று சொல்லி முதல் படியிலேயே நிறுத்திவிட்டார்கள். காசு போனதைவிட மோசம், நானும் அதை நம்பிவிட்டேன். விண்ணப்பங்களில் மதுரையை எழுதுவதையே விட்டிருந்தேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருவர் ஏதோ கேட்டதற்கு, "நம்ம பில்டிங்கில் அப்படிச் செய்வதில்லை" என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் அந்தக் குரல் யாருடையது என்று காதில் விழுந்தது.

அப்புறம் அன்றிரவு உட்கார்ந்து நூறு வார்த்தையை எழுதினேன். முதல் வரி: மதுரையில் 58 பிள்ளைகள் இருந்த வகுப்பில் ஆறு வருடம் கணக்கு ஆசிரியர். மற்றதெல்லாம் அதற்குக் கீழே. மறுநாள் காலை துறை ஒருங்கிணைப்பாளரிடமிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு சந்தேகம்: மதுரை என்பது டிஸ்ட்ரிக்டா, பள்ளியா?

டிஸ்ட்ரிக்ட்தான் என்று எழுதி அனுப்பினேன்.