சார்ஜ் ஏறாத செல்போனும் மாமியாரின் ஸ்வெட்டரும்

கோத்தகிரியில் ஜனவரி மாதத்துக் காலை ஐந்து மணிக்குக் கம்பளியை விலக்கி எழுவதே பெரிய காரியம். அப்படி எழுந்து, இரவு முழுவதும் சார்ஜில் கிடந்த செல்போனைக் கையிலெடுத்தால், அதில் 9 சதவீதம் என்று காட்டியது. நேற்று இரவு படுக்கும்போது அது 11 சதவீதமாக இருந்தது. ஏறவில்லை என்பதாவது பரவாயில்லை, இறங்கியிருந்தது.

நான் ஒரு தேயிலை ஆலையில் கணக்கு எழுதுபவன். பச்சைத் தேயிலை கொண்டுவரும் விவசாயிகள், எடை, விலை, வண்டி வரும் நேரம் என எதைக் கேட்பதானாலும் என் செல்போனுக்குத்தான் அழைப்பார்கள் என்பதால், அது உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்காக நான் கண்டுபிடித்திருந்த ஏற்பாடு என்னவென்றால், செல்போனைக் குப்புறக் கவிழ்த்து, கேபிளின் கழுத்தைச் சற்றே மேல்நோக்கி வளைத்து, அதற்குக் கீழே மஞ்சள்தூள் டப்பாவை முட்டுக்கொடுத்து வைப்பது. அந்தக் கோணத்தில் மட்டும் சார்ஜ் ஏறும். யாராவது சமையலறைக் கதவைச் சற்று அழுத்திச் சாத்தினால் போதும், நின்றுவிடும்.

முதல் தீர்ப்பை வழங்கியவள் என் மனைவி. குளிர்தான் காரணம் என்றாள். அதில் முழுப் பொய்யும் இல்லை. லித்தியம் அயன் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால், லித்தியம் உள்ளே போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும் என்பதால், செல்போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். ஆனால் அது தலைக்குந்தாவின் உறைபனியில் புல்வெளியில் கிடக்கும் செல்போனுக்குப் பொருந்தலாமே தவிர, எங்கள் சமையலறையில் அடுப்புக்கு அருகில் இருப்பதற்குப் பொருந்தாது. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் தன் சாம்பல் நிற மஃப்ளரால் அதைக் கைக்குழந்தையைப் போல் சுற்றிவிட்டிருந்தாள். நான்கு இரவுகள் அது அந்த மஃப்ளருக்குள்தான் உறங்கியது.

இரண்டாவது தீர்ப்பு பக்கத்து வீட்டு அண்ணனுடையது. மூடுபனியின் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது, அரிசிக்குள் புதைத்து வையுங்கள் என்றார். சார்ஜ் கேபிளைச் செருகும் துளையில் ஈரம் இருந்தால் என்னுடைய செல்போன் திரையில் நீர்த்துளிப் படம் போட்டு எச்சரிக்கும், அப்படி எதுவும் வரவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தும், அவர் மனம் புண்படக்கூடாது என்பதற்காக ஓர் இரவு அரிசி டிரம்மில் புதைத்தேன். விடிந்ததும் வெளியே எடுத்தபோது அது தவிடு பூசிக்கொண்டு வந்தது. அந்தத் தவிடு வேறு எங்கே போயிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

மூன்றாவதாக, மின்சாரத்தின் மீது பழி வந்தது. 1932 முதல் பைக்காராவில் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் மலையில் உட்கார்ந்துகொண்டு மின்சாரம் போதவில்லை என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருந்தது. அதோடு, அடாப்டரின் முதுகைத் திருப்பிப் படித்தால் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. எனவே அந்த வழக்கு அன்றே தள்ளுபடியானது. கேபிள்கள் மட்டும் மூன்று வாங்கினேன். ஒவ்வொன்றும் முதல் இரண்டு நாள் புதுமாப்பிள்ளையைப் போல் நடந்துகொண்டு, மூன்றாம் நாள் மஞ்சள்தூள் டப்பாவைக் கேட்டது. கடைவீதியில் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் செல்போனை முழுதாகக் கையில் வாங்கக்கூட இல்லை. “சார்ஜிங் போர்டு போயிருச்சுங்க, கோயம்புத்தூருக்கு அனுப்பணும், 1,400 ரூபாய் ஆகும்” என்று சொல்லிவிட்டார்கள்.

கோயம்புத்தூருக்குப் போக வேண்டியது செல்போன் அல்ல, இந்தச் செய்தி மட்டும்தான் என்பது அன்றிரவு தெரிந்தது. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், மனைவியின் செல்போனில் பேசும்போது இரண்டே கேள்விகள் கேட்டாள். அதே அடாப்டரிலும் அதே கேபிளிலும் அம்மாவின் செல்போன் ஏறுகிறதா என்பது முதல் கேள்வி. ஏறியது. ஆக, அடாப்டர், கேபிள், சுவர்ப் பிளக், மின்சாரம் ஆகிய நால்வரும் ஒரே நிமிடத்தில் விடுதலையானார்கள். “கேபிளைச் செருகும்போது டக்குனு சத்தம் வருதாப்பா?” என்பது இரண்டாவது. மனைவியின் செல்போனில் வந்தது. என்னுடையதில் மெத்தையின்மீது கால் வைத்தது போல் சத்தமில்லாமல் அமுங்கியது. உற்றுப் பார்த்தால், முழுவதும் உள்ளே மறைய வேண்டிய கேபிள் முனையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளிக் கோடு வெளியே தெரிந்தது. ஒரு மாதமாக நாங்கள் குளிரையும் பனியையும் வைதுகொண்டிருந்தோமே தவிர, துளைக்குள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

செல்போனை அணைத்துவிட்டு, மனைவியின் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தோம். உள்ளே கறுப்பாக ஒரு சுவர் இருந்தது. மனைவியின் அம்மாவான அத்தை உடனே தன் குரோஷா ஊசியோடு வந்துவிட்டார். அவரைத் தடுப்பதுதான் அன்றைய வேலைகளிலேயே கடினமானது. அந்தத் துளையின் நடுவில் நாக்கைப் போல் மெல்லிய தகடு ஒன்று நிற்கிறது, அதன் இருபுறமும் பன்னிரண்டு வீதம் 24 தொடுபுள்ளிகள் இருக்கின்றன, உலோகம் எதையும் உள்ளே விடவே கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே, பல்குத்தும் மரக்குச்சி ஒன்றை பிளேடால் இன்னும் மெலிதாகச் சீவி, தகட்டைத் தொடாமல் ஓரமாகவே நுழைத்து, மெதுவாக நெம்பினேன்.

வந்தது தூசி அல்ல. இறுகிப் போன கம்பளித் துண்டு ஒன்று, துளையின் வடிவத்தை அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொண்டு, முழுதாக வெளியே வந்தது. ஸ்வெட்டரின் பையிலேயே இரண்டு வருடங்களாக வாழ்ந்த செல்போன் அது. பையிலிருந்து நுழைந்த ஒவ்வோர் இழையையும், ஒவ்வோர் இரவும் கேபிளை உலக்கையாக்கி நானே உள்ளே இடித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறேன். மழைக்குப் பிறகு சாலையோரத்தில் மண் சரிந்தால் உள்ளிருக்கும் அடுக்குகள் நிறம் நிறமாகத் தெரியுமே, அதைப் போல் அதிலும் அடுக்குகள் தெரிந்தன. வாசல் பக்கம் வெள்ளையாகத் தவிடு. அதற்குப் பின்னால் மஃப்ளரின் சாம்பல் நிறம். அதற்கும் பின்னால் தடிமனாக நீலம். ஆக உள்ளே, நூலளவுக்கு மெரூன்.

கேபிளைச் செருகியதும் டக்கென்று சத்தம் கேட்டது. டப்பாவின் உதவியில்லாமலே சார்ஜ் ஏறத் தொடங்கியது. நாங்கள் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், அத்தை அந்தக் கம்பளித் துண்டை உள்ளங்கையில் வைத்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, விளக்கடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெரூன் நான் பின்னினது. சாம்பல் இவளோட மஃப்ளர். இந்த நீலம் யாருது மாப்பிள்ளை?”

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அத்தை தன் கையாலேயே பின்னிக் கொடுத்த மெரூன் ஸ்வெட்டரை அணிந்துகொண்டுதான் தினமும் நான் வீட்டிலிருந்து கிளம்புகிறேன். அது கழுத்தில் அரிக்கும் என்பதும், ஆலையில் என் நாற்காலிக்குப் பின்னால் உள்ள ஆணியில், ஊட்டியில் திபெத்தியர்களின் கடை ஒன்றில் வாங்கிய நீல ஸ்வெட்டர் தொங்குகிறது என்பதும், வண்டியை நிறுத்திய மறுநிமிடமே நான் மாற்றிக்கொள்வேன் என்பதும் அதுவரை ஆலையின் காவலாளிக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

இப்போது செல்போனைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலையில் அத்தை டார்ச்சும் பல்குத்தும் குச்சியுமாக வந்து, சுத்தம் செய்து தருகிறேன் என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்துவிடுகிறார்.