அப்பத்தா கேட்ட கேள்வி

கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு விடுமுறை இரவில், வளவில் பாய் விரித்துப் படுத்திருந்த அப்பத்தாவுக்கு, பாரி இறந்த பிறகு அவன் மகளிர் பாடிய புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் படித்துக் காட்டினேன். எங்கள் ஊரிலிருந்து தொலைவில்லாத பிரான்மலைதான் பாரி ஆண்ட பறம்பு என்பதால், கேட்பாள் என்று நினைத்தேன்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர் கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

பொருளையும் சொல்லி முடித்தேன். அப்பத்தா சற்று நேரம் முற்றத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது சரிப்பா, அந்தப் புள்ளைக அன்னிக்கு ராத்திரி யாரு வீட்டுல படுத்துச்சுக?" என்று கேட்டாள். எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

அந்தப் பாட்டில் போர் இல்லை. மூவேந்தர் முற்றுகையிட்ட கதையும் இல்லை. அகரச் சுட்டு இகரச் சுட்டாக மாறுகிறது, அவ்வளவுதான்; அந்த ஓர் எழுத்துக்குள் ஓர் அரசு அழிந்துவிடுகிறது. வென்றவனின் பெருமையைக் கல்லில் வெட்டி வைக்க மெய்க்கீர்த்தி வந்தது. தோற்றவன் மகளிருக்குப் பாட்டைத் தவிர வேறு சான்று இல்லை. 'வென்றெறி முரசின் வேந்தர்' என்பதை இகழ்ச்சிக் குறிப்பு என்று பழைய உரைகாரர் எழுதுகிறார். வஞ்சத்தால் கொன்றவர்களுக்கு முரசு ஒரு கேடா என்பதுதான் அதன் உட்கிடை. வரலாற்று நூல்களில் இந்தக் குரலை நான் கேட்டதில்லை.

அப்பத்தாவின் கேள்விக்கு விடையும் புறநானூற்றிலேயே இருக்கிறது. பாரியின் நண்பரான புலவர் கபிலர் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற குறுநிலத் தலைவர்களிடம் சென்று, மணந்துகொள்ளுமாறு கேட்டு நின்றதை 200 முதல் 202 வரையுள்ள பாட்டுகள் சொல்கின்றன; இருவருமே இசையவில்லை. நான் இதைச் சொன்னபோது அப்பத்தா வியப்படையவில்லை. 1942இல் சப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, அவள் கணவரான எங்கள் ஐயா இரங்கூன் கடையில் இருந்தார்; கடிதம் நின்றுபோனது. இரண்டு பெண் குழந்தைகளோடு அவள் தன் பிறந்த வீட்டுக்குப் போய், அங்கே யாருக்கும் பாரமாகாமல் நடந்துகொள்ளப் பழகினாள். வீடு போன பெண்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பது அவளுக்கு இலக்கியக் கேள்வி அன்று.

காதலைப் பற்றி எழுத வேண்டுமென்றால், எங்கள் பக்கத்துச் செம்மண்ணை விட்டுவிட்டு எழுத முடியாது. 'செம்புலப் பெயல்நீர்போல' என்ற குறுந்தொகை அடியைக் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சடிக்கிறார்கள். அதே பாட்டின் தொடக்கமான 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் நகரத்தார் வீட்டுச் சம்பந்தத்தில் முதலில் விசாரிப்பதே எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்பதைத்தான். மழைக்குப் பிறகு ஊருணி நீர் சிவந்து கிடக்கும். அப்பத்தா பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்து, அந்த நீரை ஊற்றி வைப்பாள். விடிந்ததும் மேலே தெளிந்த நீர் நிற்கும், அடியில் மண் படிந்திருக்கும். ஆகவே செம்புலத்து நீரைப் பிரிக்கவே முடியாது என்று பாடம் நடத்திய ஆசிரியரிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிக்கலாம், ஐயாவும் அவளும் ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்தார்கள்.

பூங்குன்றம் எனப்படும் மகிபாலன்பட்டியும் எங்கள் மாவட்டம்தான். 'யாதும் ஊரே' என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது, அதே பாட்டில் வரும் 'வாழ்தல் இனிதென மகிழ்ந்தன்றும் இலமே' என்ற வரி. ஆற்று நீரின் வழியே போகும் தெப்பம்போல உயிர் போகிறது என்கிறார் கணியன். கப்பலேறிப் போய்ப் பிழைத்த ஊர்க்காரர்களுக்கு அது உவமையாகத் தோன்றியிருக்காது.

போன ஆண்டு எங்கள் வீடு கைமாறியது. பங்காளிகள் பதினொரு பேரும் கையெழுத்திட்டோம். பர்மாத் தேக்குத் தூண்களுக்குத் தனியாக விலை பேசியிருந்தார்கள். எல்லாம் முடிந்து சாவியைக் கொடுத்தபோது, வீட்டை வாங்கியவர் மரியாதைக்காக, "ராத்திரி எங்க தங்குறீங்க?" என்று கேட்டார். காரைக்குடியில் லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன் என்றேன்.