அடுத்த அறைக்குக் கேட்கும் பேச்சு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில், தேர்வு எழுதிய பிள்ளையைவிடப் பெற்றோரே அதிகமாகக் கைப்பேசியில் பேசுகிறார்கள். சித்தி, பெரியப்பா, அலுவலக நண்பர் என ஒவ்வொருவருக்கும் 600க்கு எத்தனை என்று சொல்லப்படுகிறது. கூடவே "இன்னும் எடுத்திருக்கலாம், எங்கே படிச்சான்" என்ற பின்குறிப்பும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த அறையில் இருப்பவனுக்கு அத்தனையும் கேட்கிறது.

வளரிளம் பருவத்தினரின் மன அழுத்தத்துக்கும் வீட்டுப் பேச்சுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி யோசிக்கும்போது, நம் நினைவுக்கு முதலில் வருவது திட்டுதான். ஆனால் பிள்ளையிடம் நேரில் சொல்லும் கடுஞ்சொல்லைவிட, பிள்ளையைப் பற்றிப் பிறரிடம் சொல்லும் சொல்லே ஆழமாகத் தைக்கிறது என்பது என் எண்ணம். திட்டுக்குப் பதில் பேசலாம், கதவை அறைந்து சாத்தலாம். காதில் விழுந்ததற்கு எதுவும் செய்ய இயலாது. உணர்ச்சியை நிதானப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், பெரியவர் ஒருவர் அரை நாளில் மறந்துவிடும் ஒப்பீட்டைப் பதினாறு வயதுப் பிள்ளை பல நாள் மனத்தில் சுமக்க நேர்கிறது. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்திவிட்டது. உறவினர் வாட்ஸ்அப் குழுக்கள் இன்னும் நிறுத்தவில்லை.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, பெற்றோர் தமக்குள் பேசாமல் இருக்கும் வீடு. "உங்க அப்பாகிட்ட சொல்லு, நாளைக்கு ஃபீஸ் கட்டணும்னு" என்று தாயும், "உங்க அம்மாவையே பார்த்துக்கச் சொல்லு" என்று தந்தையும் சொல்ல, இருவரின் கோபத்தையும் சற்றே மென்மையாக்கி எடுத்துச் செல்லும் வேலை பிள்ளையின் தலையில் விழுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சண்டையில்லாத, அமைதியான குடும்பம்.

பேச்சு முழுவதும் டியூஷன், டெஸ்ட், கட் ஆஃப் என்று சுருங்கிவிட்ட வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மதிப்பெண் சரிந்த வாரத்தில் அப்பாவுடன் பேசுவதற்குப் பிள்ளையிடம் வேறு எந்தப் பொருளும் மிஞ்சியிருப்பதில்லை. ஆகவே முதலில் மதிப்பெண்ணையும், பிறகு தன்னையுமே மறைத்துக்கொள்ளப் பழகுகிறான். கிரிக்கெட்டோ, பக்கத்து வீட்டு நாயோ, எதைப் பற்றியாவது தினமும் பேசிக்கொண்டிருந்த வீட்டில், கெட்ட செய்தியும் அந்தப் பேச்சோடு பேச்சாக வந்துவிடும். அதுவும் பெரும்பாலும் இரவில்தான் வரும். இந்த வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் தாமதமாகவே சுரப்பதால், நமக்குக் கண் சொருகும் நேரத்தில் அவர்கள் நன்றாக விழித்திருப்பார்கள்.

வீட்டுக்குள் பேச முடியாத நிலையில் 104, 14416 ஆகிய உதவி எண்களை அழைக்கலாம். பெற்றோரும் அழைக்கலாம்.