ஸ்விட்ச் அவர் கையில்தான் இருந்தது

இடுப்பு ட்ராக்‌ஷனுக்கு (முதுகெலும்பை மெஷினால் இழுத்துவிடும் சிகிச்சை) ஆளைப் படுக்கவைத்து, நெஞ்சில் ஒன்று இடுப்பில் ஒன்று என பெல்ட் கட்டி, மெஷினில் எடையை அமைத்துவிட்டால் அடுத்த 15 நிமிடம் நமக்கு வேலை இல்லை என்றுதான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒருவரை நோகடித்தும் இருக்கிறேன்.

டிஸ்க் விலகி இடது காலில் வலி இறங்கிய மனிதர். முதல் நாளே அவருடைய எடையில் பாதியை ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் முகமெல்லாம் வேர்வை. போதாததற்கு இழுப்பைச் சட்டென்று தளர்த்தியும் விட்டேன், இடுப்பு பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நிறுத்துகிற ஸ்விட்ச் அவர் கையில்தான் இருந்தது. ஏன் அழுத்தவில்லை என்று கேட்டேன். "நீங்க வெச்சதை நான் எப்படி சார் நிறுத்துறது?" என்றார். அது எதற்கு என்று நான் சொல்லவேயில்லை.

எடை கொஞ்சம் சிக்கலான விஷயம்தான். சாதாரணக் கட்டிலில் உடல் எடையில் கால் பங்குக்குக் கீழே இழுத்தால் அது உராய்வுக்கே சரியாகப் போய்விடும், முதுகெலும்புக்குப் போய்ச் சேராது. அதற்காகத்தான் கீழ்ப்பாதி தனியாக நகர்கிற கட்டில். இப்போதெல்லாம் குறைவாகத் தொடங்கி, வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத்தான் கூட்டுகிறேன். காலில் இருந்த வலி இடுப்புக்கு ஏறினால் நல்லது, பாதத்தை நோக்கி இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். கழுத்துக்கு 3, 4 கிலோவில்தான் ஆரம்பம். முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டுவாதம்) இருப்பவர்களின் கழுத்தில் மேல் மூட்டு தளர்ந்திருக்கலாம், அவர்களுக்கு நான் மெஷினைத் தொடுவதே இல்லை.

எலும்பு மெலிவு, எலும்பு முறிவு, புற்றுநோய், முதுகெலும்பில் காசநோய், கர்ப்பம், வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டுவிடுவேன். கேட்கக் கூச்சமான கேள்வி ஒன்று உண்டு: சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா? முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி ஆகும். ஒரு இளைஞர் தரையைப் பார்த்தபடி, "ரெண்டு நாளா முக்கித்தான் போகுது" என்றார். பெல்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு நேராக அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது.

'டீகம்ப்ரஷன்' என்று பெயர் மாறி, கம்ப்யூட்டர் திரையோடு வந்தாலும் செய்வது இழுப்புதான். இடுப்பு வலிக்கு ட்ராக்‌ஷனால் பெரிதாகப் பலனில்லை என்று 2013-ல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய காக்ரேன் தொகுப்பு சொன்னது. பிதுங்கிய டிஸ்க் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கியும் விடும். காலில் வலி பாய்கிற சிலருக்கு, உடற்பயிற்சி செய்ய முடிகிற அளவுக்கு வலி தணியட்டும் என்று இன்னும் பயன்படுத்துகிறேன், அதற்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை.

போன வாரம் ஒருவர், வீட்டிலேயே தலைகீழாகத் தொங்குகிற டேபிள் வாங்கப்போவதாகச் சொன்னார். தலைகீழாகத் தொங்கினால் ரத்த அழுத்தமும் கண்ணின் அழுத்தமும் கூடும். பிரஷர் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து ஏதாவது போடுகிறீர்களா?

"முதுகுக்கும் கண்ணுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று சிரித்தார். அப்புறம், கண்ணில் அழுத்தம் இருப்பதாகச் சொல்லி மூன்று வருடமாகப் போடுவதாகச் சொன்னார்.